ஜாமூனுக்கு முன் நிறைவேறிய தீர்மானம்

1. ஆஸ்பத்திரிக்காரருக்கு மட்டும்

எங்கள் இலாகா ஊழியர் சங்கத்தில் ஜாயின்ட் செக்ரெட்டரியான முதல் நாள், மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி எழுதினேன்: ‘கோரம் இல்லாமையால் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.’ அடுத்த இரண்டு வருஷமும் அதே வரிதான். ஐம்பதுகளின் கடைசி அது.

சங்கத் தேர்தலில் தபால் ஓட்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அங்கத்தினருக்கு மட்டும் உண்டு; மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்துதான் போட வேண்டும். அதை எல்லோருக்கும் ஆக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம். விதியைத் திருத்த, மகாசபையில் நூறு பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆஸ்டின் டவுனில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மகாசபைக்கு நூறுக்கு மேலேயே வருவார்கள். மத்தியானம் பிஸிபேளாபாத்தும் ஜாமூனும் சாப்பிட்டதும் நழுவிவிடுவார்கள். செக்ரெட்டரி வரதராஜன் இந்தத் தீர்மானத்தை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்பார். வெளியூர் ஊழியர்கள் ஓட்டுப் போட்டால் தன் நாற்காலி ஆடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நானும் ஜாமூன் சாப்பிட்டேன்.

நாலாம் வருஷம் அருளப்பன் என்னைத் தேடி வந்தார். மாநில எல்லையில் அத்திபெலே சோதனைச்சாவடியில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. மனைவி இங்கே நகரத்துக்குள் நீலசந்திராவில் இரட்டைக் கைக்குழந்தைகளோடு தனியாகத் தவித்துக்கொண்டிருந்தார். டிரான்ஸ்ஃபருக்குச் சிபாரிசு செய்யும் லிஸ்ட் செக்ரெட்டரி கையில்.

“ஓட்டில்லாதவன் பேரை லிஸ்ட்ல யாரு சார் ஏத்துவாங்க? காலை ஒடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரில போய்ப் படுக்கணுமா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

2. ஊறாத ஜாமூன்

சமையல்காரர் மாதப்பாவைத் தனியாகப் பிடித்தேன்.

“பாத் வழக்கம்போல போட்டுடுங்க. ஜாமூன் மட்டும் தீர்மானம் முடிஞ்சப்புறம். கேட்டா, இன்னும் ஊறலைன்னு சொல்லுங்க.”

“பேடா சாமி, வேண்டாம்! ஜனங்க என்னை அடிப்பாங்க.”

“அடிக்கறதுக்காவது உக்காந்திருப்பாங்க இல்ல? அதுதான் வேணும்.”

மகாசபை அன்று சாப்பாடு முடிந்தும் ஓர் ஆள் எழுந்திருக்கவில்லை. வரதராஜனுக்கு வியர்த்தது.

“ஏம்ப்பா, யாருக்கும் மேட்னி இல்லையா?”

“ஜாமூன் வரட்டும் சார்” என்றது முன்வரிசை.

நான் எழுந்து தலைகளை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. தீர்மானத்தைப் படித்து முடிப்பதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. மாதப்பா வாளியோடு வாசலில் நின்றது அவர்களுக்குத் தெரிந்தது. எதிர்த்து ஒருவரும் இல்லை. வரதராஜனுக்கு இரண்டு ஜாமூன் நானே பரிமாறினேன்.

3. கவர்கள் வந்தன

அடுத்த தேர்தலில் வெளியூர்க் கவர்கள் மேஜை கொள்ளாமல் வந்தன. வரதராஜன் தோற்றார். புது செக்ரெட்டரி அனுப்பிய முதல் லிஸ்டிலேயே அருளப்பன் பெயர் இருந்தது; மாற்றலாகி வீடு வந்து சேர்ந்தார்.

நானும் தோற்றேன். வெளியூர்க் கவர்களில் எனக்கு ஒரு ஓட்டுக்கூட இல்லை. ஆற்றாமல் அருளப்பனிடமே கேட்டுவிட்டேன்.

“உங்களுக்காகத்தானே இவ்வளவும் பண்ணேன்?”

“ஜாமூன் விஷயம் கேள்விப்பட்டேன் சார். ரொம்ப தேங்க்ஸ். ஆனா நானும் உங்களுக்குப் போடலை.” தயங்கித்தான் சொன்னார். “மினிட்ஸ் காப்பி வருஷா வருஷம் சாவடிக்கு வரும். மூணு வருஷமும் அந்த வரிக்குக் கீழ உங்க கையெழுத்து இருந்துது சார்.”

இப்போது சங்க வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கூட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் மினிட்ஸைப் படிப்பதில்லை. வர முடியாதவர்கள் ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள்.