தேன்மொழியின் மூன்று நிமிடம்

போன சனிக்கிழமை ஒரு பெண்ணின் மூன்று நிமிடத்தைத் தின்றுவிட்டு வந்தேன். இன்னும் செரிக்கவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு கலாசார மன்ற விழா. ஸ்ரீவில்லிபுத்தூரில் சும்மா கிடந்த என்னையும் மேடையில் பேசக் கார் அனுப்பி அழைத்துப் போனார்கள். முக்கிய நிகழ்ச்சி, சென்னைக் குழு ஒன்றின் நடனம். வெள்ளைக்காரர்கள் நுனிக்காலில் நின்று மூன்று மணி நேரம் நிதானமாக ஆடும் பாலேவை, இவர்கள் ஐம்பதே நிமிடத்தில் ஆடிவிடுவார்களாம். அப்படி ஒரு வேகம்!

மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கால்விரல்களுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து வணக்கம் சொன்னாள். தேன்மொழி. உள்ளூர்ப் பெண். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் படித்தவள், இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு இந்தக் குழுவில் சேர்ந்துவிட்டாள். மில் தொழிலாளியான அப்பா நாலு வருடமாக அவளோடு பேசுவதில்லை.

"இன்னைக்கு அப்பா வாராக சார். அம்மா கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வச்சிருக்கு. கடைசியில மூணு நிமிஷம் நான் மட்டும் தனியா ஆடுதேன். மத்ததெல்லாம் ஒரே ஓட்டம், அது மட்டும் மெதுவா இருக்கும். அத அவுக பாத்துட்டா போதும் சார்."

"ஜமாய்ச்சிரும்மா" என்றேன். வாய்க்கு என்ன, வலிக்கவா செய்யும்?

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய விழா. சிறப்பு விருந்தினர் வந்தது ஏழு மணிக்கு. நடந்தது கல்யாண மண்டபத்தில் — மறுநாள் முகூர்த்தம் என்பதால் எட்டு மணிக்கு இடத்தைக் காலி செய்தாக வேண்டும். ஆனால் பொன்னாடையைக் குறைக்க முடியுமா? விட்டுப்போனவர் ஆயுசுக்கும் பேச மாட்டாரே! ஒவ்வொருவருக்கும் ஆடை, ஒவ்வொருவருக்கும் மைக். எனக்குக் கொடுத்தது இரண்டு நிமிடம். நான் பேசியது பன்னிரண்டு. எதைப் பற்றி? கலைஞர்களை மதிக்க வேண்டியதைப் பற்றி...

இறங்கும்போது மணி ஏழரையைத் தாண்டிவிட்டது. மன்றச் செயலாளர் குழுத் தலைவியிடம் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "வேகமா ஆடுதவுகதானேம்மா நீங்க? இன்னுங் கொஞ்சம் ஸ்பீடக் கூட்டுங்க. இருவது நிமிஷத்துல முடிச்சிரலாம்."

அவர் நூல் மில் முதலாளி. ஸ்பீடைக் கூட்டினால் ப்ரொடக்‌ஷன் கூடும் என்பது அவருடைய அனுபவம்.

"ஆடுறது மனுஷங்க சார், மிஷின் இல்ல" என்றார் தலைவி. யார் காதில் விழுந்தது? என் காதில் விழுந்தது. தோளில் நழுவிய பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன். "எட்டே காலுக்குக் காலி பண்ணினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். போடவில்லை. அடுத்த வருடமும் கார் வர வேண்டுமே!

ஆடினார்கள். சுழன்றார்கள், பறந்தார்கள், விழுந்து எழுந்தார்கள். நிஜமாகவே பிரமாதம். எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது விளக்கைப் போட்டுவிட்டார்கள். வரிசையின் ஓரத்தில் நின்று கும்பிட்ட தேன்மொழி, அப்பா உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று நிமிடம் வரவே இல்லை.

வாசலில் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். அவள் அப்பா.

"எம் மக தனியா ஆடுவான்னு அவ அம்மா சொன்னா சார். கூட்டத்தோட கூட்டமா ஓடிட்டு வந்து ஓரத்துல நிக்கா. இதுக்கா படிப்ப விட்டா?"

அவள் ஆட வேண்டியதை நாங்கள்தான் பேசித் தீர்த்தோம் என்று சொல்லியிருக்க வேண்டும். மேடையில் நிறுத்தத் தெரியாத எனக்கு, அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க பேச்சுதான் சார் நல்லா இருந்துச்சு. இன்னுஞ் செத்த நேரம் பேசியிருக்கலாம்."