தவிட்டுக்கு விற்ற பிள்ளை

ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போய், தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம் அது. மலாயாவில், குளுவாங்குக்கு வெளியே ஒரு தோட்டத்தில் நானும் என் கணவரும் பட்டையைச் சீவிப் பால் இறக்கும் பால்மரம் வெட்டு வேலை செய்துகொண்டிருந்தோம். எனக்கு மூன்றாவதாக ஒரு பெண் பிறந்திருந்தாள். மூன்றாவது என்கிறேனே தவிர, கையில் இருந்தது அவள் ஒருத்திதான். முதல் இரண்டும் காய்ச்சலில் போய்விட்டன.

என் கணவருக்குப் பத்திரிகைப் பைத்தியம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி படித்துப் போட்ட பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி வந்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். அதில் எங்கோ பார்த்த பெயரைப் பிடித்துக்கொண்டு, "தேன்மொழின்னு வைக்கலாம்" என்றார். எங்கள் தோட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு மாரியாயி, எழுந்தால் ஒரு முனியம்மா. தேன்மொழி என்றால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தால்கூடப் பரவாயில்லை. இரண்டைப் பறிகொடுத்தவள் மூன்றாவதுக்கு இப்படி மினுக்கலாகப் பெயர் வைத்தால் கண் படாதா? அதுதான் என் பயம். பயத்தில் அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார்.

எதிர்வீட்டு அக்காதான் வழி சொன்னாள். என்னைவிட மூத்தவள். கல்யாணமாகி எத்தனையோ வருடமாகியும் பிள்ளை இல்லாதவள்.

"எங்கிட்ட தவிட்டுக்கு வித்துரு. அப்புறம் அது எம்புள்ள. எமன் ஒன் வீட்டுல வந்து எதத் தேடுவான்?"

எங்கள் பக்கத்து வழக்கம்தான் இது. தங்காத வீட்டுப் பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாங்கியவள் தவிட்டம்மா என்று பெயர் வைப்பாள். பிறகு, அதே ஒரு முறம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பெற்றவள் மீட்டுக்கொள்வாள். தவிடு கொடுக்காமல் மீட்டால் பிள்ளை தங்காது என்பார்கள்.

அப்படியே செய்தோம். சீனர் கடையில் கோழிக்கு விற்கிற தவிட்டை அக்கா வாங்கி வந்து என் முறத்தில் கொட்டினாள். பிள்ளை என் வீட்டில்தான் வளர்ந்தது, என் பாலைத்தான் குடித்தது. ஆனால் யார் கேட்டாலும் "அது எதிர்வீட்டுப் புள்ள" என்றுதான் நான் சொல்ல வேண்டும். என் கணவர் ஆசைப்பட்ட பெயரை ஒருநாள் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அக்காவையும் அவள் புருஷனையும் ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. வாரக் கடைசியில் பயணம். அதற்குள் தவிடு கொடுத்து மீட்டுக்கொள்வது என்று பேசி வைத்திருந்தோம்.

அந்த வாரத்தின் நடுவிலேயே ஒருநாள், மரம் வெட்டிப் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் ஆயாக் கொட்டகைக்குப் பிள்ளையை எடுக்கப் போனேன். தொட்டில் காலியாகக் கிடந்தது.

"எம்புள்ள எங்க?"

ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆத்தாக்காரிதான் வந்து தூக்கிட்டுப் போனா. ஊருக்குப் போறவங்கள இன்னிக்கே ரயிலு ஏத்துறாங்களாம். ஒனக்குத் தெரியாதா?"

என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஊரறிய விற்றவள் நான்தானே! கணவர் தூரத்து வெட்டுக்காட்டில் இருந்தார். ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி ஒன்று டவுனுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஏறிக்கொண்டேன். "செப்பாட், செப்பாட்! சீக்கிரம் போ!" என்று அந்த மலாய்க்கார டிரைவரை வழியெல்லாம் விரட்டிக்கொண்டே வந்தேன்.

ஸ்டேஷனில் எள் போட்டால் எள் விழாது. எத்தனையோ தோட்டத்து ஆட்கள், தகரப் பெட்டிகள், மூட்டைகள். ரயில் புறப்படத் தயாராக நின்றது.

"அக்கா!" என்று கத்தினேன். அங்கே யார்தான் அக்கா இல்லை? என்னைச் சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"தவிட்டம்மா!" என்றேன். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "என்னயா கூப்புட்ட?" என்றாள். சின்னப் பெண் ஒருத்தியும் எட்டிப் பார்த்தாள்.

ரயில் ஊதியது. அதுவரை வாய்விட்டுக் கூப்பிட்டே அறியாத பெயரை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

"தேன்மொழி!"

அந்தக் கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். கடைசிப் பெட்டியின் வாசலில் முதுகு காட்டி நின்ற ஒருத்தி மட்டும் திரும்பினாள்.

அக்காதான். அவள் முந்தானைக்குள் என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

"தவிடு எங்க?" என்றாள்.

தவிட்டுக்கு நான் எங்கே போவேன்? அவள் வம்புக்குக் கேட்கவில்லை. அவள் கண்ணிலும் பயம்தான் இருந்தது. தவிடு இல்லாமல் கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அவளுக்குப் பயம், வாங்கினால் ஆகாது என்று எனக்குப் பயம். நீட்டிய கையோடு நின்றேன். பிடுங்கிக்கொள்ளத் தைரியம் வரவில்லை. உள்ளேயிருந்து அவள் புருஷன், "குடுத்துட்டு வா புள்ள" என்று தோளைப் பிடித்து இழுத்தார். ரயில் ஒரு குலுக்கு குலுக்கி நகர ஆரம்பித்தது.

அக்கா சட்டென்று குனிந்து பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"தவிட்டம்மாவத்தான் நான் தவிட்டுக்கு வாங்கினேன். அவ எங்கூட ஊருக்கு வர்றா. இவ தேன்மொழி. இவள நான் வாங்கவே இல்ல. புடி!"

பிள்ளை என் கைக்கு வந்துவிட்டது. ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடினேன். அக்கா பிள்ளையை ஏந்தியிருந்த வாக்கிலேயே கையை மடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். கண் மறையும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.

கொண்டு போய்விடத்தான் தூக்கினாளா, வழியனுப்ப நான் வருவேன் என்று காத்திருந்தாளா என்று பலர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. நினைத்திருந்தால், நான் கூப்பிட்டது காதில் விழாததுபோல் அவள் நின்றிருக்கலாம். திரும்பினாளே, எனக்கு அது போதும்.

தேன்மொழி என்ற பெயரைக் கேட்டுத் தோட்டமே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் நோய்நொடியில்லாமல் வளர்ந்து, இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அக்காவைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஊரில் யாராவது அவளிடம் பிள்ளைகுட்டி உண்டா என்று கேட்டிருப்பார்கள். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், பெயர் தவிட்டம்மா என்று அவள் பதில் சொல்லியிருந்தால், அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வேன்.