பல்பை மாற்றிய கழுகு

எங்கள் பெயின்ட் கடையில் கலர் கலப்பவர் என் அக்கா புருஷன். கழுகு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வெள்ளையிலேயே பதினெட்டு வெள்ளை பிரித்துச் சொல்லும் கண். சுவரில் அடித்தபின் கலர் வேறாகத் தெரிகிறதென்று யாராவது சண்டைக்கு வந்தால் ஒரே பதில்தான்.

"கலர் மாறலைங்க, வெளிச்சம் மாறியிருக்கு. முதல்ல பல்பை மாத்திப் பாருங்க."

பத்துக்கு ஒன்பது தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அந்தத் திமிரும் அவருக்கு உண்டு.

ஐம்பத்து நாலு வயதில் திடீரென்று சர்க்கரை வந்தது. அவர் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டார். "என்ன மாமா, ரெண்டாம் கல்யாணத்துக்கு ரெடியாகுறீங்களா?" என்று கிண்டலடித்தவன் நான்தான். இந்த வாயை என்ன செய்வது? மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் போன வலிக்கு டின் தூக்கியது காரணம் என்றோம். உடம்பெல்லாம் அரித்ததற்குப் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் காரணம். எதற்கும் ஒரு காரணம் எங்களிடம் கைவசம் இருந்தது.

ஒருநாள் காலை கடை வாசலில் நின்று ஒரு வெள்ளை அட்டையை முகத்துக்கு அருகே தூக்கி வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையையும் அவர் கண்ணையும் ஒருசேரப் பார்த்தேன். விழியின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. அக்காவையும் வரச்சொல்லி, அவரை அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்த நாளில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கணையத்துல புற்றுநோய். பக்கத்து ரத்தக்குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கு. இப்போ ஆபரேஷன் பண்ண முடியாது. மருந்து குடுத்து, சுருங்குதான்னு பார்ப்போம். வாக்குக் குடுக்க முடியலை."

"முன்னாடியே வந்திருந்தா எடுத்திருக்கலாமா?" என்று அக்கா கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு இருந்திருக்கும். கண்ணு எப்போ மஞ்சளாச்சு?"

"இப்பத்தான் டாக்டர். முன்னாடி இருந்திருந்தா எங்க கண்ணுல படாமப் போகுமா?" என்றாள் அக்கா.

மாமா தலை நிமிரவில்லை. "ஆறு வாரமாச்சு. குளிக்கிற ரூம் கண்ணாடியில பார்த்தேன்."

"பார்த்துட்டு என்னங்க பண்ணுனீங்க?"

"பல்பை மாத்தினேன்," என்றார். "ரெண்டு தடவை."

அந்த இரண்டு பல்பையும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவன் நான்.