அண்ணி நகர்த்தும் நெய்க் கிண்ணம்

ஆவுடையார்கோவிலில் அண்ணி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்று என் பக்கம் நகர்ந்து வரும். அதில் உருக்கிய நெய் இருக்கும். சோறு, பருப்பு, பொரியல் எல்லாவற்றையும் என் மகனுக்கு அண்ணியே பரிமாறுவார். நெய் ஊற்றும் முறை வந்ததும் கிண்ணத்தை என்னிடம் தள்ளிவிட்டு, "நீயே ஊத்தும்மா" என்பார். குரலில் கோபம் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு, பெற்றவளுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் தோன்றும். எனக்கு அந்தக் கிண்ணத்தைத் தொடும்போதெல்லாம் கை கூசும்.

அண்ணி என் கணவரின் அக்கா. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்க, நான் புதுக்கோட்டையில் குடியிருந்துகொண்டு குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். மகன் அப்போது பால்வாடிக்குப் போகிற வயது. அவனைப் பார்த்துக்கொள்வதற்காகவே அண்ணி தன் வீட்டையும் மாடுகளையும் வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்து எங்களோடு இருந்தார். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் சொந்த மாட்டு வெண்ணெயை உருக்கி எடுத்து வருவார். அவர் பிசைந்த நெய்ச்சோறு என்றால் பிள்ளை தட்டை வழித்துவிடுவான். நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வான். எனக்கு அதில் பொறாமை இருந்தது. பிற்பாடு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

என் பள்ளியில் பரீட்சை நடந்த சமயத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கடை சிரப்பைக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன். மறுநாளும் அப்படியே. கண் சிவந்திருப்பதை முதலில் பார்த்தது அண்ணிதான். "ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்மா" என்றார். "இது மெட்ராஸ் ஐதான் அண்ணி, ஸ்கூல்ல பாதிப் பேருக்கு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டேன். அடுத்த சில நாட்களில் நாக்கும் சிவந்து கைகால் வீங்கிய பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கவாசாகி என்றார் டாக்டரம்மா. ரத்தக் குழாய்களில் வீக்கம் வருகிற நோய், இதயத்துக்குப் போகிற குழாயைப் பிடித்துவிடாமல் பார்க்க வேண்டும் என்றார். அன்று மாலையே கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

ரத்தப் பரிசோதனைத் தாள் முதலில் என் கைக்குத்தான் வந்தது. கொழுப்பு வரிசையில், நல்ல கொழுப்பு என்பார்களே, அதற்கு நேராகக் குறைவு என்று அச்சிட்டிருந்தது. ஆசிரியைக்குக் குறைந்த மதிப்பெண்ணைக் கண்டால் யார் ஒழுங்காகச் செய்யவில்லை என்றுதான் புத்தி போகும். வராந்தாவில் நாலு பேர் பார்க்க அண்ணியிடம் தாளை நீட்டினேன். "பிள்ளைக்கு நெய், எண்ணெய் எதையும் கண்ணுல காட்டலையா அண்ணி? ரத்தத்துல நல்ல கொழுப்பே இல்லையாம். உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்?" என்றேன்.

"காய்ச்சக்காரப் புள்ளைக்கு எப்படிம்மா நெய் ஊத்துறது? கஞ்சியே தங்கலையே" என்றார் அண்ணி. உள்ளே போய்ப் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டார்.

மறுநாள் காலை டாக்டரம்மா என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இது சாப்பாட்டால கொறைஞ்சதில்லைங்க. குழாய்ல வீக்கம் அதிகமா இருந்தா இந்தக் கொழுப்பு எறங்கிரும். ரொம்ப எறங்கின பிள்ளைங்கள்ல சிலருக்கு மொத மருந்து கேக்காமப் போறது உண்டு. நிச்சயமாச் சொல்ல முடியாது, ஒரு அறிகுறி மாதிரிதான். அதனால அடுத்த மருந்துக்குத் தயாரா இருக்கோம்" என்றார். அவர் சொன்னபடியே காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறியது. தாமதிக்காமல் அடுத்த மருந்தைக் கொடுத்தார்கள். அது கேட்டது. இதய ஸ்கேனில் கோளாறு ஒன்றுமில்லை என்று வந்தபோது அண்ணி சுவரில் சாய்ந்து நின்று அழுதார்.

டாக்டரம்மா சொன்னதை அன்றாவது நான் அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணி மேல் தப்பில்லை என்றால் பிறகு யார் மேல் என்ற கேள்வி வரும். சிவந்த கண்ணை மெட்ராஸ் ஐ என்று ஒதுக்கிவிட்டுப் பஸ் ஏறியவள் நான். பழி அவரிடம் இருக்கிறவரை எனக்கு மூச்சுவிட இடம் இருந்தது. பிள்ளை வீடு திரும்பி, நோய் இறங்கும்போது உரியும் என்று டாக்டரம்மா சொன்னபடி விரல் நுனிகளில் தோல் உரிந்து, ஓடியாடத் தொடங்கியதும் அண்ணி பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். "மாடு தேடும்மா, வாரேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த விடுமுறைக்கு அங்கே போனபோதுதான் நெய்க் கிண்ணம் முதல் தடவையாக என் பக்கம் நகர்ந்தது.

மகன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான், பந்தடிக்கிறான். ஆண்டுக்கொரு முறை இதயத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்கள். போன விடுமுறையில், அண்ணி அடுப்படியில் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தபோது ஒருவழியாக வாயைத் திறந்தேன். "அண்ணி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பேசினது தப்பு. சாப்பாட்டால வந்ததில்லைன்னு டாக்டரம்மா மறுநாளே எங்கிட்ட சொல்லிட்டாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல" என்றேன்.

அண்ணி கடைவதை நிறுத்தவில்லை. "தெரியும்மா. நீ கத்துன அன்னைக்கு ராத்திரியே நான் அவங்கள கேட்டுட்டேன், நெய் ஊத்தாததாலயான்னு. இல்லைன்னாங்க."

"தெரிஞ்சும் ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஊருக்குக் கெளம்புற அன்னைக்கு வரைக்கும் பாத்தேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். அதற்குள் மகன் பசிக்கிறது என்று வந்து உட்கார்ந்தான். அண்ணி சோறு போட்டார், பருப்பு ஊற்றினார். "நெய் நீங்களே ஊத்துங்க அத்தே" என்று அவன் தட்டை அவர் பக்கம் நீட்டினான். அண்ணி அவன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அம்மா ஊத்துவா" என்று கிண்ணத்தை என்னிடம் நகர்த்தினார். நான் ஊற்றினேன்.