விசிறிவால் கூட்டுக்கு மேலிருந்த இலை

என் பழைய கேமராவை என் சகலைக்குக் கொடுத்தது நான்தான். சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வயதில் எனக்கு ஆறு வருடம் இளையவன். வெளியில் பேசும்போது மரியாதையாக ‘அவர்’ என்பேன். எழுத உட்கார்ந்தால் ‘அவன்’ என்றுதான் வருகிறது, வரட்டும். புதுக் கேமராவும் பெரிய லென்ஸும் வாங்கிய மறுவாரம், அலமாரியில் சும்மா கிடந்த பழையதை எடுத்துப்போய், “நீங்களும் கத்துக்குங்க தம்பி” என்று அவன் கையில் திணித்தேன். மாமியார் வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது.

நான் கோலா சிலாங்கூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. சனிக்கிழமை விடிந்தால் டிரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு அலையாத்திக் காட்டுப் பக்கம் போய்விடுவேன். பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்பு. ஒரு மீன்கொத்திக்காக மூன்று மணி நேரம் கொசுவுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் அது வந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். அவனோ புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஓர் எஸ்டேட்டில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். ஒன்றுக்குப் போக லோரியை நிறுத்தினால் எதிரே ஆந்தை. தேத்தண்ணி குடிக்க நிறுத்தினால் தலைக்கு மேலே கழுகு. இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பறவைப் படம் எடுக்கிறவர்கள் முப்பது பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் அவனைச் சேர்த்ததும் நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். என் படத்துக்கு நாலு கட்டைவிரல் வரும். அவன் படம் கோணலாக இருக்கும், பாதி மங்கலாக இருக்கும், அதற்குப் பத்தி பத்தியாக எழுதுவார்கள். ‘படத்தில் உயிர் இருக்கிறது’ என்று ஓர் அம்மா எழுதினார். அப்படியென்றால் என் படத்தில் இருப்பதெல்லாம் பிணமா? அன்றைக்கு மனைவி போட்ட மீன்குழம்பு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இந்த வருடம் மழை விட்ட ஒரு வாரத்தில் அவன் ஒரு விசிறிவால் குருவியின் படத்தைப் போட்டான். வாலை விசிறிபோல விரித்துக்கொண்டு ஓயாமல் ஆடும் குருவி அது. மலாய்க்காரர்கள் அதை முராய் கிலா, பைத்தியக்காரக் குருவி என்பார்கள். ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது. அவன் படத்தில் அது கூட்டில் அடைகாத்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு பெரிய இலை பாதி உடலை மறைத்திருந்தது. குழுவே ஆடிப்போயிற்று. கூடு எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கூடு இருக்கும் இடத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் குழுவின் விதி, அவன் சொல்லவில்லை. குஞ்சு பொரித்த பிறகு என்னை மட்டும் போனில் கூப்பிட்டான்.

“அண்ணே, உங்களுக்கு மட்டும் காட்டுறேன். வேற யாருக்கும் சொல்லல லா.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினான். எஸ்டேட் கால்வாயோரம் ஒரு மெங்குடு மரம், அதாவது நுணா. நெஞ்சு உயரத்தில், கவையில் ஒரு கிண்ணம்போலக் கூடு. புல்லையும் நாரையும் சிலந்தி வலையால் ஒட்டி வைத்திருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள், இன்னும் சரியாகச் சிறகு வரவில்லை. கூட்டுக்கு நேர் மேலே அந்த இலை.

“வெயிலு, மழ, காக்கா எல்லாத்துக்கும் அதாண்ணே கூரை” என்றான்.

மறுநாள் காலை அவனுக்குச் சொல்லாமல் தனியாகப் போனேன். டிரைபாடை எங்கே வைத்தாலும் இலை குறுக்கே வந்தது. தாய்க்குருவி பூச்சியோடு வந்தது, போனது. எனக்குக் கிடைத்ததெல்லாம் வாலும் இலையும். அவன் எடுத்த அதே படத்தைக் கூர்மையாக எடுத்துக்கொண்டு போய் என்ன பயன்? அவனைப் பார்த்து எடுத்தது என்றுதான் சொல்வார்கள். சாவிக்கொத்தில் ஒரு சின்னக் கத்தி உண்டு. ஒரே ஒரு இலைதானே என்று காம்பில் வைத்து அறுத்தேன். கை நடுங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன்பிறகு கிடைத்தது என் வாழ்நாளிலேயே சிறந்த படம். இரண்டு குஞ்சுகளும் வாயைப் பிளந்து நிற்க, தாயின் அலகில் தும்பி. தும்பியின் இறக்கை நரம்பைக்கூட எண்ணலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயிலுக்குள் போகுமுன் குழுவில் போட்டேன். பூசை முழுவதும் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டுக் கொட்டியது. ‘உயிர்’ அம்மாவும் எழுதினார். சகலை மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எரியட்டும், அவனுக்கும் ஒரு நாள் எரியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் இன்னொரு படத்துக்கு ஆசைப்பட்டு மறுபடியும் போனேன். கூட்டுக்கு மேலே, நான் அறுத்த இடத்தில், செம்பனை ஓலைத் துண்டு ஒன்று சாய்வாக நின்றது. சிவப்பு ராஃபியா கயிற்றால் கிளையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. குருவி வந்துபோக முன்பக்கம் வழி விட்டிருந்தது. உள்ளே ஒரு குஞ்சுதான் இருந்தது.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே அவன் லோரி வந்து நின்றது. இறங்கி வந்தான்.

“ஞாயித்துக்கெழம போட்டோவப் பாத்தேண்ணே. எலையக் காணோம். ஒடனே மோட்டார எடுத்துக்கிட்டு வந்தேன். அதுக்குள்ள காக்கா ஒண்ணக் கொண்டு போயிருச்சு.”

“காத்து பலமா அடிச்சிருக்கும் தம்பி” என்றேன்.

அவன் கிளையைப் பார்த்தான். அறுத்த காம்பு நேராக, சுத்தமாக இருந்தது. குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

“ஆமாண்ணே, காத்துதான்” என்றான்.

நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். மன்னித்தான் பாருங்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. படத்தில்தான் முந்தினான் என்றால் பெருந்தன்மையிலுமா? அப்படி விடக்கூடாது என்று, மறுநாள் காலை நானே குழுவில் எழுதினேன். இதை மனசாட்சி என்று யாரும் நினைக்க வேண்டாம், அவனை ஜெயிக்கவேண்டும் என்ற வெறிதான். ‘நல்ல படம் வேண்டும் என்று இலையை அறுத்துவிட்டேன். அதனால் ஒரு குஞ்சைக் காக்கை கொண்டுபோய்விட்டது. தப்பு என்னுடையது. இப்போது கூட்டுக்கு மேலே ஓலை வைத்துக் கட்டியாச்சு.’

நம் மொழியில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. ‘கட்டியாச்சு’ என்றால் யார் கட்டியது என்று சொல்லத் தேவையில்லை. எழுதும்போது தெரியாமல் விழுந்த வார்த்தை இல்லை அது. முதலில் ‘என் சகலை கட்டினார்’ என்று அடித்து, அழித்துவிட்டுத்தான் இதைப் போட்டேன்.

இரண்டு பேர் கடுமையாகத் திட்டினார்கள். மற்றவர்கள் ஒப்புக்கொண்டதற்காக மெச்சினார்கள். ‘தவறு செய்தாலும் திரும்பப் போய்க் கட்டிக் காப்பாற்றினீர்களே, அந்த மனசு பெரிசு’ என்று அந்த அம்மா எழுதினார். ‘நான் இல்லை’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு முப்பது பேரும் அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவார்களே! கைகூப்பும் எமோஜி ஒன்றை அனுப்பி முடித்துக்கொண்டேன். என் செய்தியைப் படித்தவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவன் பெயரும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனிடமிருந்து போன். எடுக்கவே பயமாக இருந்தது.

“அண்ணே, பறந்துருச்சுண்ணே! இப்பத்தான், என் கண்ணு முன்னாலயே. கெளையில வந்து ஒக்காந்துச்சு, ஆடுச்சு, எதுத்தாப்புல இருக்கிற பனைக்குப் போயிருச்சு. ஆத்தாக்காரி பின்னாலயே போறா. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். நாம காப்பாத்திட்டோம்ணே!”

நாம என்றான். நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னான்.

“போட்டோ எடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லண்ணே, பாத்துக்கிட்டே நின்னுட்டேன் லா” என்று சிரித்தான்.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். போனை வைத்தபோது என் வயிற்றில் எரிந்ததெல்லாம், குஞ்சு பறந்ததை அவன் பார்த்துவிட்டான், நான் பார்க்கவில்லை என்பதுதான்.