ஒண்ணு ஆறு சைபர்

மருந்துக் கிடங்கில் அவரை எல்லோரும் சைபர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியின் மேல் 4207 என்று அச்சடித்திருந்தால் மற்றவர்கள் நாலாயிரத்து இருநூற்றி ஏழு என்று படிப்பார்கள். அவர் "நாலு, ரெண்டு, சைபர், ஏழு" என்று ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்வார். எழுதுகிறவர் அதைத் திருப்பிப் படிக்க வேண்டும். படித்தது சரியாக இருந்தாலும் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "இன்னொரு வாட்டி" என்பார். அதற்கப்புறம்தான் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்வார்.

"சைபர் அண்ணே, உங்களுக்கு வயசு எத்தனை?"

"அஞ்சு எட்டு."

"பிள்ளைங்க?"

"ஒண்ணு."

"அப்பாடா, அதையாவது ஒரே மூச்சுல சொன்னாரே!" என்று லாரி டிரைவர் சிரிப்பார். அவரும் கூடவே சிரிப்பார்.

அந்த ஒரே பிள்ளைக்கு இருபத்து மூன்று வயது. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மூன்று வருடம் வரலாறு படித்துவிட்டு, இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பிறர் நிரப்பிய படிவங்களைச் சரிபார்க்கிறாள். அப்பா இருபத்திரண்டு வயதில் போர்க்கப்பலில் இருந்தவர், அது மூழ்கியபோது பிழைத்து வந்தவர் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "தண்ணி ரொம்பச் சில்லுனு இருந்துச்சு" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அலுவலகத் தோழி ஒருத்தி அவளுக்கு ஒரு கணினி விளையாட்டைக் கொடுத்தாள். கடற்போர் விளையாட்டு என்றாலும் சுட்டுத் தள்ளுகிற ரகம் இல்லை. கப்பலின் எடை, வேகம், திரும்பப் பிடிக்கும் நேரம், நீரில் சத்தம் பரவும் விதம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, ஒரு சண்டை எப்படிப் போயிருக்கும் என்று காட்டும். நாமே ஒரு சண்டையை உள்ளே எழுதலாம். நடந்தபடியும் எழுதலாம், நடக்காதபடியும் எழுதலாம். அப்பாவின் கப்பலை எழுதிப் பார்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. பொது நூலகத்தில் அந்தக் கப்பலைப் பற்றிய விசாரணை அறிக்கை இருந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். பிரதி எடுத்து வந்து, ஒரு மாலை கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து படித்தாள்.

அறிக்கை சொன்னது இதுதான். கப்பலின் அடித்தளத்தில் ஹெட்போன் மாட்டி நீருக்கடியில் கேட்டுக்கொண்டிருந்தவர், அதாவது அவள் அப்பா, டார்பிடோ என்ற நீரடிக் குண்டு ஒன்று வரும் சத்தத்தைத் திசை 160 டிகிரியில் கேட்டு, போன் வழியாக மேலே சொன்னார். மேலே, கேப்டன் பக்கத்தில் போன் கேட்டவர் அதை 120 என்று தவறாக வாங்கிக் கேப்டனிடம் சொன்னார். டார்பிடோ வந்தால் கப்பல் அதற்கு முதுகைக் காட்டி ஓட வேண்டும். 120-க்கு முதுகு காட்டியதில் 160-இலிருந்து வந்ததற்கு விலா தெரிந்துவிட்டது. நாற்பத்தொரு பேர் இறந்தார்கள். போன் கேட்டவரும் அதில் ஒருவர். கப்பல் சாயும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை என்றும் ஒரு வரி இருந்தது.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. தெருமுனையில் இருக்கும் தையல்காரரை ஊரே 'செவிட்டு வீட்டுத் தையல்காரர்' என்றுதான் சொல்லும். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். போன் கேட்டவர் அவருடைய அண்ணன். அந்த அண்ணனும் அப்பாவும் ஒரே தெருவிலிருந்து ஒன்றாகக் கப்பலுக்குப் போனவர்கள். அந்தத் தையல் கடையைத் தாண்டும்போது அப்பா ஏன் எப்போதும் எதிர்வரிசையிலேயே நடக்கிறார் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும்.

"அப்பா, இதுல உங்க மேல எந்தத் தப்பும் சொல்லலையே" என்றாள்.

அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நான் எப்படிச் சொன்னேன்னு அதுல போட்டிருக்கா?"

"இருக்கே. ஒண்ணு, ஆறு, சைபர். கடற்படை விதிப்படி தனித்தனியாச் சொன்னீங்கன்னு."

அவர் கழற்றிய செருப்பை ஓரமாக வைத்தார். பிறகு, "ஒரு பேப்பர் எடு. நான் சொல்றதை எழுது" என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது. அவள் எழுதினாள்.

"என்ன எழுதின? திருப்பிச் சொல்லு!"

"நூத்திருபது!"

"சரி!"

குழாய் நின்றது. அப்பா வெளியே வந்து பேப்பரைப் பார்த்தார். அவள் 120 என்று எழுதியிருந்தாள்.

"நான் சொன்னது நூத்தறுபது" என்றார். "நீ திருப்பிச் சொன்னப்பவும் எனக்கு நூத்தறுபதுன்னுதான் காதுல விழுந்துச்சு. அதான் சரின்னேன்."

அவள் தான் எழுதியதைத் திரும்பப் பார்த்தாள்.

"ஒண்ணு ஆறு சைபர்னு சொல்லணும். அதுக்குத்தான் விதியே. அன்னிக்குப் பதட்டத்துல வீட்டுல சொல்ற மாதிரி நூத்தறுபதுன்னு சொல்லிட்டேன். அவன் நூத்திருபதான்னு கேட்டான். சரின்னேன். விசாரணையில எப்படிச் சொன்னேன்னு கேட்டாங்க. தனித்தனியாச் சொன்னேன்னேன். எண்ணுல பொய் இல்ல. சொன்ன விதத்துல பொய்."

முப்பத்தாறு வருடமாக அவர் அந்தப் பொய்யை உண்மையாக்கத்தான் பெட்டி பெட்டியாக எண் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? அவளுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. அவர்தான் கேட்டார், அவள் மேசையில் இருந்த கணினியைப் பார்த்தபடி:

"அன்னிக்குச் சரியான பக்கம் திரும்பியிருந்தா தப்பிச்சிருக்குமா? அது இதுல தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை பாக்கலாம்ப்பா" என்றாள்.

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்து அப்பா வீடு திரும்புவதற்குள் கிடைத்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் சண்டையை எழுதினாள். முதலில் நடந்ததை நடந்தபடி ஓடவிட்டாள். அறிக்கைப்படி, சத்தம் கேட்டதிலிருந்து நாலு நிமிடம் பன்னிரண்டு நொடியில் டார்பிடோ இடது பின்பக்கத்தில் மோதியது. கணினியில் நாலு நிமிடம் எட்டு நொடி. இடமும் அதேதான். அவளுக்குப் பயம் வந்தது. இயந்திரம் ஏடாகூடமாக ஏதாவது காட்டியிருந்தால் தூக்கிப் போட்டிருக்கலாம்.

பிறகு 160 என்று கொடுத்தாள். கப்பல் முதுகைக் காட்டி ஓடியது. டார்பிடோ பக்கத்தில் உரசினாற்போல் கடந்துபோய், ஓடுகிற சக்தி தீர்ந்து நின்றது. திரும்ப ஓட்டினாள். பதினோரு முறை ஓட்டியதில் ஒன்பது முறை கப்பல் தப்பியது.

இதை எப்படி அவர் கண்முன் காட்டுவது? 'தெரிஞ்சு என்னப்பா ஆகப்போகுது' என்று சொல்லலாம். ஆனால் கேட்டவர் அவர். நடந்ததை நம் வசதிக்கு மாற்றக் கூடாது என்று மூன்று வருடம் படித்தவள் அவள். அந்தப் படிப்பு இதற்கு உதவுமா என்று சனிக்கிழமை மாலை வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் ஒரு கட்டத்தைத் திறந்து, இரண்டாவது டார்பிடோ ஒன்றை மேற்கிலிருந்து வரும்படி சேர்த்தாள். ஓட்டிப் பார்த்தாள். கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் மூழ்கியது. நெஞ்சு லேசானது. லேசானதே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சேமித்து வைத்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பா முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"சினிமாவுக்குக் கிளம்பின மாதிரி இருக்கு. இங்க உக்காரத்தானே போறீங்க?" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "அப்பனும் மகளும் யுத்தத்தைச் சீக்கிரம் முடிங்க. காய் நறுக்க ஆள் வேணும்."

மகள் நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டாள். அப்பா திரையைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த ஹெட்போனை எடுத்தார்.

"இதுல சத்தம் வருமா?"

"வரும்... ஆனா படத்துலயே எல்லாம் தெரியும்ப்பா. அதோ பச்சைக் கோடு..."

"நான் அன்னிக்கு எந்தப் படத்தைப் பாத்தேன்?" என்று அதைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

இரண்டாவது டார்பிடோவும் சத்தம் போடும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். நிறுத்திவிடலாமா என்று கை மவுஸின் மேல் தயங்கியது. "போடு" என்றார் அப்பா. போட்டாள்.

கப்பல் நீலத்தின் மேல் ஊர்ந்தது. அப்பாவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நொடிகளை எண்ணியது. முதல் சத்தம் வந்ததும் அவர் தோள்கள் இறுகின. "ஒண்ணு ஆறு சைபர்" என்று முணுமுணுத்தார். அவள் தட்டினாள். கப்பல் திரும்பத் தொடங்கியது. ஒரு நிமிடம். ஒன்றரை. அப்பாவின் விரல் நின்றது.

"ரெண்டு."

"என்னப்பா?"

"ரெண்டு சத்தம் இருக்கு. ஒண்ணு பின்னாடி. இன்னொண்ணு இடப்பக்கம்."

"எதிரி... ரெண்டு விட்டிருக்கலாம்ல? ஒண்ணு உங்களுக்குக் கேக்காம போயிருக்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அப்பா கண்ணைத் திறந்தார். திரையில் இரண்டாவது கோடு கப்பலை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அவனைச் செவிடுன்னாங்க. இப்ப என்னையும் சொல்றியா?" குரல் உயரவே இல்லை. "எனக்குக் கேட்டது ஒண்ணுதான். இதை நீ வெச்சியா?"

திரையில் கப்பல் வெடித்தது.

"வெச்சேன்."

"அப்ப எனக்குப் பதில் தெரிஞ்சுபோச்சு."

"அப்பா, இது வெறும் விளையாட்டு. பதினோரு தடவையில ரெண்டு தடவை அடிச்சுதுப்பா, அதனால உறுதியா..."

"ஒரே ஒரு தடவை ஒழுங்காப் போடு. நான் கேக்கணும்."

அவள் இரண்டாவது டார்பிடோவை அழித்தாள். இரண்டு முறை தப்பான பொத்தானைத் தட்டினாள். அம்மா கரண்டியோடு அறை வாசலுக்கு வந்தாள், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

கப்பல் மறுபடி கிளம்பியது. சத்தம் வந்தது. "ஒண்ணு ஆறு சைபர்." கப்பல் திரும்பி முதுகைக் காட்டியது. பச்சைக் கோடு பின்னால் நெருங்கி நெருங்கி வந்தது. அந்தப் பதினோரு முறையில் எத்தனையோ தடவை பார்த்ததுதான் என்றாலும், இப்போது அது மோதிவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். தன் அப்பாவுக்காக ஒரு கப்பல் மூழ்க வேண்டும் என்று! நாலு நிமிடம் ஆனது. அப்பாவின் விரல் இன்னும் எண்ணியது. "ரெண்டு அஞ்சு ரெண்டு" என்றார். அன்று டார்பிடோ மோதிய அந்த நொடி வந்து, போனது. எதுவும் நடக்கவில்லை. கோடு கப்பலின் இடப்புறமாக வழுக்கிக் கடந்து, இன்னும் கொஞ்ச தூரம் போய், அணைந்தது.

அப்பா ஹெட்போனை உடனே எடுக்கவில்லை. வெறும் கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தக் கப்பல்ல இப்ப எத்தனை பேரு?"

அன்று கப்பலில் இருந்தவர்களின் எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடம். "நூத்தி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "ஒண்ணு, எட்டு, ஆறு."

"எல்லாரும்" என்றார் அப்பா.

எழுந்து முகம் கழுவினார். செருப்பை மாட்டினார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "தையல் கடைக்கு" என்றார். மகள் பின்னாலேயே ஓடினாள். தெருவில் இறங்கியதும் அவர் வழக்கமான எதிர்வரிசைக்குப் போகவில்லை. இந்தப் பக்கமாகவே நடந்தார்.

கடைக் கதவு பாதி திறந்திருந்தது. தையல்காரர் தலை நிமிராமல் மெஷினில் ஒரு சட்டைக் கழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு லீவு. அளவு எடுக்கிறதா இருந்தா நாளைக்கு வாங்க."

"அளவு இல்லீங்க. உங்க அண்ணனைப் பத்தி."

மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். காலை மிதியிலிருந்து எடுத்தார். சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்ததைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப சொல்லுங்க" என்றார். "எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

அப்பா நின்றபடியே சொன்னார். நூற்றறுபதை, நூற்றிருபதை, தான் சொன்ன சரியை, விசாரணையில் சொன்ன பொய்யை. தண்ணீர் சில்லென்று இருந்ததைச் சொல்லவில்லை. கடைசியில், "தப்பு அவன் காதுல இல்ல. என் வாயில" என்றார். "சரியாச் சொல்லியிருந்தா கப்பல் தப்பிச்சிருக்கும்."

தையல்காரர் மேசையிலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்து விரலில் உருட்டினார்.

"நான் எட்டாங்கிளாஸ் படிச்சேன் அப்ப" என்றார். "வாத்தியாரே செவிட்டு வீட்டுப் பையன்னுதான் கூப்பிட்டார். நீங்க எதிர்வரிசையில போவீங்க. கப்பல்ல கூட இருந்தவருக்கு நம்மளப் பாத்தாத் துக்கம் தாங்கல போலன்னு எங்கம்மா உங்களுக்காக அழுதாங்க."

அப்பா தலையைக் குனிந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் கேட்கவில்லை. தையல்காரரும் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. அளவு எழுதும் நோட்டைத் திறந்து, வெற்றுப் பக்கம் ஒன்றைத் தேடித் தள்ளிவைத்தார்.

"எழுதுங்க. இப்பச் சொன்னதை அப்படியே. கீழ கையெழுத்தும் போடுங்க."

அப்பா எழுதினார். ஒரு பக்கம் போதவில்லை. தையல்காரர் அதை வாங்கி, உதடு அசையப் படித்தார். பிறகு, "அண்ணி எம் பொண்ணு வீட்ல இருக்காங்க. வரச் சொல்றேன். இதை நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். நாளைக்குப் பத்தரைக்கு வாங்க" என்றார்.

"ஒண்ணு சைபர், மூணு சைபர்" என்றார் அப்பா.

"ம்."

"திருப்பிச் சொல்லுங்க."

தையல்காரர் அவரை முறைத்தார். 'இது என்ன கேலியா' என்று கேட்கப்போகிறார் என்று மகள் நினைத்தாள். அவர், அப்பா நோட்டில் எழுதியிருந்ததை ஒரு முறை பார்த்தார்.

"ஒண்ணு, சைபர். மூணு, சைபர்."

"சரி" என்றார் அப்பா.

இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். நாளைக்குக் கிடங்கில் லீவு சொல்ல வேண்டும் என்றார். அவள் தலையாட்டினாள். வீட்டு வாசல் வரும்வரை அவள் பின்னால் காது கொடுத்துக்கொண்டே வந்தாள். தையல் மெஷின் சத்தம் இன்னும் தொடங்கவில்லை.