நீல டேப்பும் வயிற்றெரிச்சலும்

புது வீட்டுக்குள் சாமி படம் போவதற்கு முன்பே உள்ளே போய்விடுகிற தொழில் எங்களுடையது.

கையில் ஒரு கம்பி இருக்கும். பழைய ரேடியோ ஏரியல் மாதிரி இழுத்தால் நீளும். நுனியில் கோலிக்குண்டு அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை. அதை வைத்துத் தரைக் கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவோம். கல்லுக்கு அடியில் சிமெண்டு நிறைந்திருந்தால் 'டக்' என்று கேட்கும். காலியாக இருந்தால் 'டொக்'. டொக் கேட்ட இடத்தில் நீல டேப்பைக் கிழித்து ஒட்ட வேண்டும். சுவரில் விரிசல், இழுத்தால் வராத ஜன்னல், குளியலறையில் வடியாத தண்ணீர், எல்லாவற்றுக்கும் அதே நீல டேப்தான். கடைசியில் பட்டியல் போட்டுக் கொடுத்தால் கட்டியவர்கள் ஆள் அனுப்பிச் சரிசெய்து தருவார்கள்.

ஒன்பது வருஷம் இப்படி ஊரார் வீட்டையெல்லாம் தட்டினேன். நானும் என் மனைவி மலரும் இருந்ததோ டவுனுக்கு வெகு தள்ளி, சுவா சூ காங்கில் என் அண்ணன் வீட்டு ஒற்றை அறையில். மலருக்கு வேலை டவுனில், லிட்டில் இந்தியாவில் ஒரு தையல் கடையில். கடை வாசலில் நின்று பார்த்தால் ஃபேரர் பார்க் பக்கம் புது பிளாக்குகள் ஏறுவது தெரியும். ரயிலில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்து, "இன்னிக்கு பன்னெண்டாவது மாடி போட்டுட்டாங்க" என்று ஏதோ நம் வீட்டுக் கட்டடம் மாதிரி சொல்வாள். அந்தப் பக்கம் அரசாங்க அடுக்குமாடி வீடு வேண்டும் என்று நாலு தடவை மனுப் போட்டோம். நாலு தடவையும் குலுக்கலில் எங்கள் எண் வரவில்லை.

சொந்தக்காரர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரே ஒரு தட்டு மட்டும் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். உட்காருங்கள், சொல்கிறேன்.

முதல் தடவையிலேயே

அந்தத் தம்பதிக்கு ஆளுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். பதினெட்டாவது மாடி, மூலை வீடு. ஜன்னலைத் திறந்தால் சிராங்கூன் ரோட்டுக் கோயில் கோபுரம் நேராகத் தெரிகிறது. எத்தனையாவது மனு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஃபர்ஸ்ட் டிரை அங்கிள். எல்லாரும் ஏன் அவ்ளோ கம்ப்ளெய்ன் பண்றாங்கன்னே தெரியல லா" என்றது அந்தப் பெண்.

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லவில்லை, நெஞ்சுக்குக் கீழே நிஜமாகவே சுட்டது. மேற்கு வெயில் வந்து மொத்தமும் ஹாலில்தான் விழும், படட்டும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். பிறகு கம்பியை நீட்டினேன். சோபா வரும் இடம், கட்டில் வரும் இடம், கதவுக்குப் பின்னால் யாருமே காலை வைக்காத மூலை, ஒன்றையும் விடவில்லை. முட்டி போட்டு டார்ச் அடித்துச் சுவரைப் பக்கவாட்டில் பார்த்தேன். வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு நாலரை மணி நேரம் ஆனது. அறுபத்தொரு குறை. வீடு முழுக்க நீல டேப். அதைப் பார்த்ததும்தான் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

அந்தப் பிள்ளைகள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். பையன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அதே பிளாக்கில் இருக்கிற ஒன்பது பேருக்கு என் நம்பரை அங்கேயே அனுப்பிவிட்டுச் சொன்னான்: "அங்கிள், நீங்க உங்க சொந்த வீடு மாதிரியே பாத்தீங்க!"

சாந்தி கண்டுபிடித்தது

எங்கள் கம்பெனியில் தட்டுகிறவர்கள் இரண்டே பேர், நானும் சாந்தியும். சாந்திக்கு வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், ஜொகூரில். தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வேலைக்கு வருவாள். அவள் தட்டினால் எந்த வீட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கணக்குதான் வரும். முதலாளி என்னைத்தான் மெச்சுவார், டவுன் வீடுகளையெல்லாம் எனக்கே கொடுப்பார்.

ஒருநாள் மத்தியானம் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பழைய பட்டியல்களையெல்லாம் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அண்ணே, உட்லண்ட்ஸ், ஈசூன்னு தள்ளி இருக்கிற வீட்டுக்கெல்லாம் உங்களுக்கு முப்பதுதான் வருது. டவுன்னா மட்டும் அறுபது. கல்லு எல்லாம் ஒண்ணுதான். உங்க வயிறுதான் வேற" என்றாள்.

திருட்டு முழி முழித்துவிட்டு, "ஏன், உனக்குப் பொறாமையே கிடையாதா?" என்று திருப்பிக் கேட்டேன். அவள் மீன் முள்ளை நிதானமாக எடுத்து ஓரமாக வைத்தாள். "நான் வெளிநாட்டுக்காரி, வேலை பாஸ்ல இருக்கிறவ. எனக்கு இங்க மனுப் போடவே முடியாது. கெடைக்கவே கெடைக்காதுன்னு தெரிஞ்சா எரியாதுண்ணே."

பொட்டு வைத்த கல்

டவுனில் ஒரு கொண்டோ, தனியார் கட்டி விற்கிற அடுக்குமாடி வீடு. வாங்கியவர் அறுபது வயது அம்மா ஒருவர். மகன் மெல்பர்னில் இருக்கிறான், வருஷத்துக்கு இரண்டு வாரம் வந்து தங்குவதற்காக இந்த வீடாம். பதினாலு நாளைக்கு ஒரு வீடு! மிச்ச நாளெல்லாம் எங்களை உள்ளே விட்டால் கூட்டித் துடைத்துச் சாமி விளக்கும் ஏற்றி வைப்போமே என்று தோன்றியது. சொல்ல முடியுமா?

முந்தின நாள்தான் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சியிருந்தார்கள். நான் முதல் டேப்பை ஒட்டியதுமே அந்த அம்மா பதறிவிட்டார். "என்ன தம்பி, வீடு அடிபட்டு பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கு! மங்கலமான வீட்டுல இதெல்லாம் வேணாம்" என்று பூஜைத் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து நீட்டினார். வாடிக்கையாளர் சொன்னால் செய்ய வேண்டியதுதானே. டொக் கேட்ட இருபத்திரண்டு கல்லுக்கும் பொட்டு வைத்தேன். அந்த அம்மாவுக்குப் பரம திருப்தி. வைத்து முடித்துப் பார்த்தபோது எனக்குமே நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். கட்டியவர்கள் ஆள் அனுப்பிச் சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள். தரையில் மட்டும் ஒரு கல்லைக்கூட மாற்றவில்லை. நேரே போய்ப் பார்த்தேன், ஆட்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்த ஐந்து பேரும் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, பொட்டு வைத்த கல்லையெல்லாம் மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்து வேலை பார்த்திருக்கிறார்கள். பட்டியலில் கல் நம்பர் எழுதியிருக்கிறதே என்று அவர்களில் மூத்தவரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "எழுதியிருந்தா என்னண்ணே? பொட்டு வச்ச கல்லு மேல எப்படிண்ணே உளியை வைக்கிறது?"

ஒரே ஒரு ஸ்க்ரூ

உயர்நிலைப் பள்ளியில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவன் ஃபேரர் பார்க்கில் கொண்டோ வாங்கியிருந்தான். கீழே நீச்சல் குளம், மேலே இன்னொரு நீச்சல் குளம். என்னை வேலைக்குக் கூப்பிட்டதே தெரிந்தவன் என்கிற உரிமையில்தான். அன்றைக்கு எனக்கு இருந்த வயிற்றெரிச்சலுக்குக் குறைகள் நூறைத் தாண்டியிருக்க வேண்டும்.

தட்டினேன். டக், டக், டக். மூன்று அறையும் தட்டினேன். ரசமட்டம் வைத்தேன், குமிழி நடுவில் போய் நின்றது. குளியலறையில் வாளித் தண்ணீரைக் கொட்டினேன், ஓடிப்போய் வடிகாலில் விழுந்தது. ஒவ்வொரு டக்கும் என் மண்டையிலேயே விழுந்த மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு கதவுத் தடுப்பில் ஸ்க்ரூ லூசாக இருந்ததைக் கண்டுபிடித்து, பெரிதாக ஒரு நீல டேப் ஒட்டினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அவ்ளோதானாடா செல்வா? இதுக்கு உன்ன கூப்புட்டிருக்கவே வேணாம் லா."

ஏழாவது மாடி

ஐந்தாவது மனுவில் எங்கள் எண் வந்தது. வீடு தேர்ந்தெடுக்கிற வரிசையில் வந்த எண் பெரியது. எங்கள் முறை வருவதற்குள் உயரமான மாடியெல்லாம் போய்விட்டது. மிஞ்சியதில் ஏழாவது மாடி ஒன்றைப் பிடித்தோம். எதிரே அடுக்குக் கார்பார்க். இருந்தாலும் ஃபேரர் பார்க், மலருடைய கடைக்கு நடந்து போகிற தூரம். மலர் அன்று ரயிலில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் கட்டி முடிக்கும்வரை நாலு வருஷம் காத்திருந்தது தனிக் கதை. தினமும் கடை வாசலில் நின்று மாடியை எண்ணினாள். ஏழாவது மாடி போட்ட அன்று கடையில் எல்லோருக்கும் கேசரி.

குலுக்கல் விஷயத்தை வீட்டில் சொன்னபோது அண்ணி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷம் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தவர், நல்ல மனசு. ஆனாலும் ஒரு நிமிஷம் சப்பாத்திக்கட்டை நின்றது. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. பதினெட்டாவது மாடியில் நான் மேற்கு வெயிலைக் கூப்பிட்டேனே, அதே மௌனம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவருடைய வயிற்றெரிச்சல் என்னை நோக்கி வந்தது. தேன் மாதிரி இருந்தது. அண்ணி மறுபடி தேய்க்க ஆரம்பித்துச் சொன்னார்: "டவுன்லயா? ஒரே சத்தமா இருக்குமே. எங்களுக்குக் குடுத்தாலும் நாங்க போக மாட்டோம்பா."

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும்

சாவி வந்தது. திங்கட்கிழமை ரெனவேஷன் ஆட்கள் வருவதாக ஏற்பாடு. அலமாரியெல்லாம் அடித்துத் தரையில் வேலை ஆரம்பித்துவிட்டால் அதற்கப்புறம் எந்தக் குறையையும் கட்டியவர்கள் தலையில் வைக்க முடியாது, நம் தலையில்தான். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவன் நான். அதனால் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நானே கம்பியை எடுத்தேன். டக், டக் என்று அத்தனையும் இனிமையாகக் கேட்டது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். மொத்தம் நாலே குறை, அதிலும் இரண்டு சும்மா மரியாதைக்கு. "தங்கமான வீடு மலர்" என்றேன்.

மலர் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். தண்ணீர் மூலையில் போய்க் குளம் மாதிரி நின்றது. "காஞ்சிரும்" என்றேன். மலர் தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனை எடுத்துச் சாந்தியைக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை சாந்தி வந்தாள். வந்ததும் கம்பியை எடுக்கவில்லை. ஜன்னலோரம் நின்று எதிரே இருந்த கார்பார்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைக்கு எவ்ளோ நேரம் அண்ணி?" என்று கேட்டாள். "நடந்து போனா ஏழு நிமிஷம்" என்று மலர் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜொகூரிலிருந்து வர அன்று சாந்திக்கு இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவள் கம்பியை முழுசாக இழுத்து நீட்டினாள். ஹாலில் தட்டினாள், டொக். சமையலறையில் டொக். கதவுக்குப் பின்னால், யாரும் காலை வைக்காத மூலையில், டொக். "அது டக் சாந்தி" என்று நான் குறுக்கே போனேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் டேப்பைக் கிழித்தாள். முட்டி போட்டு டார்ச் அடித்துச் சுவரைப் பக்கவாட்டில் பார்த்தாள். அப்படிப் பார்க்கிற ஆள் கம்பெனியிலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது மணி நேரத்தில் டேப் சுருள் தீர்ந்துபோய்ப் பையிலிருந்து புதுச் சுருளை எடுத்தாள். எத்தனை என்று மெதுவாகக் கேட்டேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: "அம்பத்தெட்டுண்ணே, இன்னும் ஒரு ரூம் பாக்கியிருக்கு. என்னமோ தெரியல, இன்னிக்கு எனக்குக் காது ரொம்ப நல்லா கேக்குது."

கம்பி, டார்ச், ரசமட்டம் எல்லாம் கடையில் கிடைக்கும், வயிற்றெரிச்சலை மட்டும் நாமேதான் கொண்டுபோக வேண்டும், சொந்த வீடென்றால் அதையும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது.